திறந்த கைப்பேசி யாருக்கு? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கணினியில் நமக்குப் பிடித்த இயங்குதளத்தை நாமே நிறுவிக்கொள்கிறோம். அதுபோல உள்ளிருப்பதையெல்லாம் உரிமையாளர் பார்க்கவும் மாற்றவும் இடம்தரும் ஸ்மார்ட்போன் வந்தால் பொதுமக்கள் அதை வரவேற்பார்களா? பொறியாளர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தேவையில்லை என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள்.
- பொறியியல் மாணவர், நாகர்கோவில்

பதில்: உங்கள் நண்பர்களின் பக்கம் சான்றுகள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் அவற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

தைவானின் எஃப்ஐசி நிறுவனம் 2006ஆம் ஆண்டில் அறிவித்த ஓப்பன்மோக்கோ என்ற திறந்த கைப்பேசித் திட்டத்திலிருந்து தொடங்குவோம். அத்திட்டத்தின் வழியே 2008இல் 399 டாலர் விலைக்கு வந்த நியோ ஃப்ரீரன்னர் கைப்பேசியின் மென்பொருள் மட்டுமல்லாமல், அதன் மின்சுற்று வரைபடமும் வெளிக்கூட்டின் வடிவமைப்புக் கோப்புகளும்கூட யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் பொதுவில் வைக்கப்பட்டன. அவ்வளவு தாராளமாகத் தன்னைத் திறந்துகாட்டிய கைப்பேசிகள் அதற்கு முன்பும் பின்பும் மிகக் குறைவு. ஆனால் அதில் பேசினால் மறுமுனையில் இருப்பவருக்கு இரைச்சல் கேட்டது. அந்த இரைச்சலைப் போக்க உள்ளே இருக்கும் பலகையில் சாலிடர் வைக்க வேண்டியிருந்தது. உலகம் 3ஜிக்கு மாறிக்கொண்டிருந்தபோது அது 2ஜியோடு நின்றுவிட்டது. அடுத்த கைப்பேசிக்கான பணிகளை 2009இல் அந்த நிறுவனம் கைவிட்டது.

அதே 2009ஆம் ஆண்டின் நவம்பரில் நோக்கியா என்900 விற்பனைக்கு வந்தது. டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட மேமோ 5 இயங்குதளம், பக்கவாட்டில் இழுத்தால் வெளிவரும் விசைப்பலகை, 32 ஜிபி சேமிப்பிடம், கட்டளைகளை நேரடியாகத் தட்டச்சு செய்வதற்கான டெர்மினல் ஆகியவற்றோடு வந்த அந்தக் கருவியைச் சட்டைப்பையில் அடங்கும் கணினி என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அன்றைக்கு மலிவான கைப்பேசிகளிலேயே இருந்த, செய்தியோடு படம் அனுப்பும் எம்எம்எஸ் வசதி அதில் இல்லை. பயனர் ஒருவர் எழுதிய செயலியே அந்தக் குறையைத் தீர்த்தது என்பது திறந்த கட்டமைப்பின் வலிமைக்குச் சான்று. அப்படி ஒருவர் வந்து தீர்க்க வேண்டியிருந்தது என்பது அதைத் தயாரித்தவர்களின் அலட்சியத்துக்குச் சான்று. ஐபோனின் மென்மையான தொடுதிரைக்கு மக்கள் பழகிக்கொண்டிருந்த நேரத்தில், நகத்தாலோ ஸ்டைலஸாலோ அழுத்த வேண்டிய திரை அதில் இருந்தது. அடுத்த ஆண்டு இன்டெல்லோடு சேர்ந்து மேமோவை மீகோ என்ற இயங்குதளமாக மாற்றிய நோக்கியா, 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் இயங்குதளமே தன் எதிர்காலம் என்று அறிவித்தது. அதன் பிறகு மீகோவோடு வெளிவந்த என்9 கைப்பேசியைத் தயாரித்த நிறுவனமே அதற்கு எதிர்காலம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட நிலையில், வாங்குபவர்கள் அதை எப்படி நம்பி வாங்குவார்கள்?

ஆகவே, திறந்த கைப்பேசியை மக்கள் நிராகரித்தார்கள் என்று இந்த வரலாற்றிலிருந்து முடிவு கட்ட முடியாது. திறந்த தன்மைக்கு விலையாக, தொலைபேசி என்ற அளவில் குறைபாடுள்ள ஒரு கருவியை ஏற்றுக்கொள்ளும்படி ஒவ்வொரு முறையும் அவர்கள் கேட்கப்பட்டார்கள். அந்த விலையைக் கொடுக்க அவர்கள் மறுத்ததில் குற்றம் காண எதுவுமில்லை.

கேள்வி: அப்படியானால் விலை மலிவாக இருந்திருந்தால் வென்றிருக்குமா?
- கணினிப் பயிற்சி மைய ஆசிரியை, சேலம்

பதில்: மலிவாகவும் வந்து பார்த்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லாவின் திறமூல (மூலநிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய) இயங்குதளத்தோடு, 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற கைப்பேசியை இந்தியாவில் 1,999 ரூபாய்க்கு விற்றது. அதன் நினைவகம் வெறும் 128 எம்பி, மெதுவாகவே இயங்கியது. அதைவிடப் பெரிய குறை, அதிகாரபூர்வமான வாட்ஸ்அப் செயலி அந்தத் தளத்துக்கு வரவேயில்லை. உறவினர்களும் நண்பர்களும் ஓரிடத்தில் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போது அங்கே நுழைய முடியாத கைப்பேசி எத்தனை மலிவாக இருந்தாலும் பயனில்லை. 2015 டிசம்பரில் மொசில்லா தன் கைப்பேசி முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே மூலநிரலிலிருந்து கிளைத்த காய்ஓஎஸ் இயங்குதளம்தான் 2017இல் வந்த ஜியோபோனில் இயங்கியது. 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கிடைத்த அந்தப் பொத்தான் போனுக்கு 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப்பும் வந்தது. கோடிக்கணக்கானோர் அதை வாங்கினார்கள். தாங்கள் பயன்படுத்துவது ஒரு திறமூலத் திட்டத்தின் வாரிசு என்று அவர்களுக்குச் சொல்ல யாருமில்லை. அந்தப் போனில் விருப்பம்போல் எதையும் நிறுவிக்கொள்ளும் சுதந்திரமும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. திறந்த மூலநிரலின் சிக்கனத்தை நிறுவனங்கள் எடுத்துக்கொண்டு, சுதந்திரத்தை மட்டும் வாடிக்கையாளருக்குத் தராமல் விட்டன. என் வருத்தமெல்லாம் இதைப் பற்றியதுதான்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பேசுவதும், வாட்ஸ்அப்பில் எழுதுவதும், மின்கட்டணம் செலுத்துவதும்தான் எனக்குக் கைப்பேசியின் பயன். போன் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் எனக்கென்ன?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வாட்ஸ்அப்பில் நீங்கள் தமிழில் எழுதுவீர்கள் என்று எண்ணுகிறேன். உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது.

இங்கே முதலில் விற்பனைக்கு வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத்தான் தெரிந்தன. ஆப்பரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளைப் படங்களாகக் காட்டச் சொல்லும் ஒரு தேர்வை இயக்கித்தான் பலரும் தமிழ்த் தளங்களைப் படித்தார்கள். இன்னும் சிலர் போனை ரூட் செய்து, அதாவது அதன் முழுக் கட்டுப்பாட்டையும் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டு, தமிழ் எழுத்துருவைத் தாங்களே உள்ளே வைத்தார்கள். தயாரித்த நிறுவனம் செய்து தராத ஒன்றைப் பயன்படுத்துபவர்களே செய்துகொள்ள வழி இருந்தது.

விசைப்பலகையின் கதை இன்னும் தெளிவானது. 2009இல் வந்த ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பிலேயே, வெளியார் உருவாக்கிய விசைப்பலகையைப் போன் முழுவதற்கும் பயன்படுத்த கூகுள் அனுமதித்துவிட்டது. முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இலிருந்தே ஜாவா கைப்பேசிகளில் புழங்கிவந்த செல்லினம் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது, குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் நேரடியாகத் தமிழில் தட்ட முடிந்தது இந்த அனுமதியால்தான். ஐபோனிலோ, அந்தச் செயலிக்குள் எழுதி, நகலெடுத்து, வேறிடத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டியிருந்தது. ஆப்பிள் தானாக மனமிசைந்து 2013இல் ஐஓஎஸ் 7 பதிப்பில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கும் வரை தமிழர்கள் காத்திருந்தார்கள். வெளியாரின் விசைப்பலகைகளுக்கு அது இடம் கொடுத்தது 2014 செப்டம்பரில், ஐஓஎஸ் 8 வந்தபோதுதான். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இந்த ஐந்தாண்டு இடைவெளி பெரிதாகத் தெரிந்திருக்காது. நமக்கு அது எழுதுவதற்கும் எழுதாமல் இருப்பதற்கும் இடையிலான வேறுபாடாக இருந்தது.

நல்ல தையற்காரர் பாவாடையின் உள்மடிப்பில் கொஞ்சம் துணியை விட்டுவைப்பார். வாங்கும் அன்று அது யார் கண்ணிலும் படாது. குழந்தை வளர்ந்த பிறகு மடிப்பைப் பிரித்துவிடும்போதுதான் அதன் அருமை தெரியும். திறந்த தன்மையையும் சாதாரண வாடிக்கையாளர் அப்படித்தான் அனுபவிக்கிறார். அதை அவர் கடையில் கேட்டு வாங்குவதில்லை. அது இல்லாத பொருளை வாங்கியவர், தேவை வரும் நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கைப்பேசி பழுதுநீக்கும் கடை நடத்துகிறேன். முன்பெல்லாம் பழைய போனுக்குப் புதிய ஆண்ட்ராய்டு போட்டுத்தரச் சொல்லிக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். இப்போது ஒருவரும் வருவதில்லை. மக்களுக்கு ஆர்வம் போய்விட்டதா?
- கடை உரிமையாளர், மதுரை

பதில்: ஆர்வம் தானாகப் போகவில்லை; ஆர்வத்துக்கு விதிக்கப்படும் அபராதம் ஏறிவிட்டது என்றே சொல்வேன்.

நீங்கள் குறிப்பிடும் காலத்தில் சயனோஜன்மோட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு புகழ்பெற்றிருந்தது. அதன் வணிக வடிவத்தோடு மைக்ரோமேக்ஸின் யூ யுரேகா 2015 ஜனவரியில் 8,999 ரூபாய்க்கு இந்தியச் சந்தைக்கு வந்தபோது நன்றாகவே விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த விலையில் கிடைத்த 2 ஜிபி நினைவகத்துக்காக வாங்கினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் போனை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் வசதி அவர்களை விரட்டிவிடவில்லை என்பதும் உண்மை. அந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் 2016 இறுதியில் தன் சேவைகளை நிறுத்தியது. அதன் இடத்தை லினியேஜ்ஓஎஸ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

இடையில் மாறியது நம் கைப்பேசியின் வேலை. 2016இல் யூபிஐ வந்த பிறகு கைப்பேசியே பணப்பை ஆகிவிட்டது. வங்கிச் செயலிகளும் பணம் செலுத்தும் செயலிகளும், தாங்கள் இயங்கும் போன் நிறுவனம் கொடுத்த நிலையிலேயே இருக்கிறதா என்று கூகுளின் சான்றளிப்பு முறை வழியாகச் சரிபார்க்கின்றன. போனை இயக்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரின் பூட்டு திறக்கப்பட்டிருந்தாலோ, ரூட் செய்யப்பட்டிருந்தாலோ அவற்றில் பல இயங்க மறுக்கின்றன. பூக்கடையிலும் தேநீர்க் கடையிலும் கியூஆர் அட்டையை நீட்டும் ஊரில் வாழ்பவருக்கு, போனைத் திறப்பதென்றால் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு வெளியே கிளம்புவது என்று ஆகிவிட்டது.

இதில் ஒரு நியாயமின்மை இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய ஆண்ட்ராய்டு போன், நிறுவனம் கொடுத்தபடியே இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. அதே போனில் அண்மைய திருத்தங்கள் கொண்ட லினியேஜ்ஓஎஸ்ஸை நிறுவினால் தேறுவதில்லை. அந்தச் சோதனை பாதுகாப்பைவிட அதிகமாக நிறுவனத்தின் முத்திரையைத்தான் அளக்கிறது. வங்கிகளுக்கு வழிகாட்டும் அமைப்புகள் இதை ஆராய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் உங்கள் கடையில் புத்துயிர் பெற்றிருக்க வேண்டிய போன்கள் குப்பைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும்) கோப்பை என் கணவர் திறந்ததால் சேமிப்பை இழந்தோம். எதையும் நிறுவ முடியாதபடி பூட்டிய போன்தானே எங்களைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு?
- வாசகி, ஈரோடு

பதில்: உங்களுக்கு நேர்ந்தது பெரிய இழப்பு. நான் இதுவரை எழுதியவற்றுக்கெல்லாம் எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான வாதமும் உங்கள் கேள்விதான். இதுவரை புகார் அளிக்கவில்லை என்றால் இணையவழி மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்; பணம் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகை என்று பல வேடங்களில் இத்தகைய கோப்புகள் வருகின்றன. உள்ளே நுழைந்ததும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டு, வங்கி அனுப்பும் ஓடிபி எண்களைத் திருடுகின்றன. இதைத் தடுக்க ஆண்ட்ராய்டு படிப்படியாகக் கதவுகளை இறுக்கியிருக்கிறது. 2017இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து, வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதியை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். 2022இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பு, அப்படி நுழைந்த செயலிகளுக்குத் திரையைக் கட்டுப்படுத்தும் அனுமதி எளிதில் கிடைக்காதபடி செய்தது. இவற்றை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். உங்கள் கணவரின் போன் கடையிலிருந்து வரும்போதே வெளிச் செயலிகளை ஏற்காத நிலையில் இருப்பதும், அந்த நிலையை மாற்றுவது சற்றுக் கடினமாக இருப்பதும் சரியே.

ஆனால் மாற்றவே முடியாதபடி பூட்டுவது வேறு விஷயம். சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில், எந்த வழியில் வரும் செயலியானாலும் அதை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் 2026 செப்டம்பரில் தொடங்கி, பிறகு உலகெங்கும் விரிவாக்குவது அத்திட்டம். கட்டற்ற மென்பொருள்களை மட்டும் வழங்கிவரும் எஃப்-டிராய்டு போன்ற சேவைகள் தங்கள் இருப்பே கேள்விக்குள்ளாகும் என்று எதிர்த்தன. எதிர்ப்புக்குப் பிறகு, அபாயத்தை அறிந்து ஏற்கும் அனுபவசாலிகளுக்கு ஒரு தனிவழி விடப்படும் என்று கூகுள் சொன்னது. அந்தத் தனிவழி உண்மையாகவே நடக்கக்கூடிய வழியாக இருக்க வேண்டும். மோசடிக்காரர் தொலைபேசியில் பேசி அவசரப்படுத்தினாலும் தாண்ட முடியாத காத்திருப்பு நேரம் வைக்கட்டும். எச்சரிக்கையைத் தமிழில், புரியும்படி எழுதட்டும். உங்களை ஏமாற்றியவர்களைத் தடுப்பதற்காக, தன் மொழிக்கு விசைப்பலகை எழுதும் ஒரு மாணவரைத் தடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆண்ட்ராய்டே திறமூலம்தானே? பிறகு ஏன் இவ்வளவு பேச்சு?
- வாசகர், வேலூர்

பதில்: அடித்தளம் திறமூலம்தான். ஆனால் பிளே ஸ்டோர், வரைபடம், அறிவிப்புச் சேவை ஆகியவை கூகுளின் தனியுடைமை. அவை இல்லாத போனைக் கடையில் விற்பது கடினம்; அவற்றைப் பெற வேண்டுமானால் கூகுளின் நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். இந்த நிபந்தனைகளுக்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023இல் அபராதத்தை உறுதி செய்தாலும், ஆணையத்தின் கட்டளைகளில் சிலவற்றை நீக்கியது.

கேள்வி: சென்னை ஐஐடியோடு தொடர்புடைய பார்ஓஎஸ் இதற்கெல்லாம் மாற்றாகுமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: 2023 ஜனவரியில் அறிமுகமான பார்ஓஎஸ், ஆண்ட்ராய்டின் திறமூலப் பகுதியின் மீது கட்டப்பட்டது. முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலிகள் எதுவும் இல்லை என்பது அதன் சிறப்பு. ஆனால் அது முதலில் குறிவைத்தது, தகவல் பாதுகாப்புத் தேவை மிகுந்த நிறுவனங்களை. உங்களுக்கும் எனக்கும் அது மாற்றாக வேண்டுமானால், நாம் அன்றாடம் பயன்படுத்தும் வங்கிச் செயலிகள் அதில் தடையின்றி இயங்க வேண்டும். மதுரை வாசகருக்குச் சொன்ன சிக்கல் இங்கும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: கல்லூரி செல்லும் மகளுக்கு மடிக்கணினிக்குப் பதிலாக, திரையோடு இணைத்தால் கணினியாக மாறும் போனை வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்தக் கனவு பழையது. 2011இல் மோட்டோரோலா ஏட்ரிக்ஸ், 2015இல் மைக்ரோசாஃப்டின் கன்டினியம், 2017இல் சாம்சங்கின் டெக்ஸ் என்று பலரும் முயன்றார்கள். உபுண்டு எட்ஜ் என்ற போனைத் தயாரிக்க, உபுண்டு லினக்ஸை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனம் 2013இல் பொதுமக்களிடம் 3 கோடியே 20 லட்சம் டாலர் கேட்டது. ஒரே மாதத்தில் ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் டாலருக்கு உறுதிமொழிகள் வந்தன. இலக்கை எட்டாததால் திட்டம் நின்றது. பார்க்கவே பார்க்காத ஒரு பொருளுக்கு அத்தனை பேர் பணம் கொடுக்க முன்வந்ததை நான் தோல்வியாக மட்டும் பார்ப்பதில்லை.

கட்டுரை எழுதவும் பாடங்களைப் படிக்கவும் டெக்ஸ் போன்ற வசதி போதும். திரையும் விசைப்பலகையும் தனியே வாங்க வேண்டும். நிரல் எழுதுதல், பொறியியல் வரைகலை ஆகியவை அவருடைய பாடமென்றால் சாதாரண மடிக்கணினியே மேல்.

கேள்வி: இவ்வளவும் படித்த பிறகு, திறந்த போன் ஒன்றை வாங்க ஆசையாக இருக்கிறது. எதை வாங்கலாம்?
- வாசகர், புதுச்சேரி

பதில்: பைன்போனும் லிப்ரம் 5ம் உண்மையான லினக்ஸ் போன்கள். 150 டாலர் விலையில் வந்த பைன்போனின் பின்மூடியைத் திறந்தால், மைக், கேமரா, மோடம் ஆகியவற்றைத் தனித்தனியே துண்டிக்கும் ஆறு சிறு விசைகள் இருக்கும். கற்றுக்கொள்ள அருமையான கருவி. ஆனால் உங்களிடம் உள்ள ஒரே போனாக அதை வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன். அவசரத்துக்கு அழைக்கவும் பணம் செலுத்தவும் நம்பகமான போன் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அந்த நம்பகமான போனை வாங்கும்போது கேமராவின் மெகாபிக்சலைக் கேட்பதோடு, பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகள் வரும் என்றும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் மென்பொருள் மேம்பாடு தர வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே அப்படி விதி இல்லாதபோது, வாங்குபவர் கேட்டால்தான் விற்பவர் யோசிப்பார். பூட்லோடரைத் திறக்க நிறுவனமே முறையான வழி தருகிறதா என்றும் பாருங்கள்.

ஆசையைத் தீர்த்துக்கொள்ள, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனை எடுங்கள். லினியேஜ்ஓஎஸ்ஸின் ஆதரவுப் பட்டியலில் அதன் மாடல் எண், கடைசி எழுத்து வரை பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒத்த பெயருள்ள வேறு மாடலின் கோப்பை ஏற்றினால் போன் எழுந்திருக்காமல் போகலாம். வங்கிச் செயலிகளையும் சிம் அட்டையையும் முதலில் புதிய போனுக்கு மாற்றிவிடுங்கள். பூட்லோடரைத் திறக்கும்போது போனில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், புகைப்படங்களை நகலெடுத்த பிறகே தொடங்குங்கள்.